முருங்கைக்கீரையும் வைட்டமின் மாத்திரையும் ஒன்றா? ஆண்டிஆக்ஸிடன்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாக

சிங்கப்பூரின் செங்காங்கில் இருக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. அவருடைய மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறார். முருங்கைக்கீரைக்கு எவ்வளவு ஆண்டிஆக்ஸிடன்ட் ஆற்றல், அதாவது ஆக்சிஜனேற்றத்தால் வரும் சேதத்தைத் தடுக்கும் ஆற்றல், இருக்கிறது என்று அளப்பதுதான் இறுதியாண்டுச் செயல்திட்டம். வீட்டிலேயே இருக்கும் தாத்தாவுக்கு, அதாவது சகோதரியின் அப்பாவுக்கு, எழுபது வயது ஆகிறது. தினமும் காலையில் வைட்டமின் சி 1000 மில்லிகிராம், வைட்டமின் ஈ, திராட்சை விதை மாத்திரை மூன்றையும் சேர்த்து விழுங்குகிறார். "பேத்தியே ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்கிறாள், அப்புறம் என்ன சந்தேகம்?" என்று கேட்கிறாராம். செடியில் நடப்பதும் நம் உடம்பில் நடப்பதும் ஒன்றுதானா, மாத்திரையைத் தொடரலாமா, மகளின் சோதனை எதைத்தான் நிரூபிக்கிறது என்பது சகோதரியின் கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். செடியிலும் விலங்கிலும் அடிப்படை வேதியியல் ஏறக்குறைய ஒன்றுதான். மகள் செய்வதும் நல்ல சோதனை. ஆனால் அதை வைத்து அப்பாவின் மாத்திரைக்கு நற்சான்று கொடுக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. ஆய்வாளர்கள் அந்தத் தூரத்தைக் கடக்கப் பல பத்தாண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள். அந்த வேலையில் ஒரு முக்கியப் பகுதி நம் ஊரிலேயே நடந்தது என்பதால் இதை எழுத எனக்குக் கூடுதல் ஆசை.

நாம் இழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தண்ணீராகிவிடும். சிறிதளவு மட்டும் வழியிலேயே ஒற்றை எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு சூப்பர்ஆக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கலாக, அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரான் உள்ள பொருளாக, மாறும். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. பக்கத்தில் கட்டுப்படாத இரும்பு இருந்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கும். இது எதிரில் கொழுப்பு, புரதம், மரபணு என்று எது இருந்தாலும் அந்த நொடியே தாக்கிவிடும். இப்படிப்பட்ட பொருள்கள் உண்டாகும் வேகத்துக்கு அவற்றைச் சமாளிக்கும் வேகம் ஈடுகொடுக்க முடியாமல் போகும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். ஹெல்முட் ஸீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1985இல் இதை ஒரு கருத்தாக வரையறுத்தார்.

அதற்கு முன்பே ஒரு திருப்பம் நடந்துவிட்டது. மாட்டு ரத்தத்திலிருந்து செம்பு கலந்த ஒரு புரதத்தை 1938இலேயே பிரித்தெடுத்திருந்தார்கள். அது எதற்காக இருக்கிறது என்று முப்பது ஆண்டுகள் யாருக்கும் விளங்கவில்லை. 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் அது சூப்பர்ஆக்சைடை அழிக்கும் நொதி என்று காட்டினார்கள். சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று பெயரிட்டார்கள். ஒரு பொருளை அழிப்பதற்கென்றே உடம்பு ஒரு நொதியை வைத்திருக்கிறது என்றால் அந்தப் பொருள் உடம்பில் நிஜமாகவே உண்டாகிறது என்றுதானே பொருள்? அதன் பிறகுதான் இந்தத் துறை வளர்ந்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் இதே வகை நொதியை எடுத்துவிட்டால் எலிக்குட்டிகள் பிறந்த பத்து நாளுக்குள் இறந்துவிடுகின்றன. இது 1995இல் தெரிந்தது. ஆக, ஆபத்து கற்பனை இல்லை.

இனி செடிக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் அழகான பகுதி இதுதான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே நடந்து பாருங்கள். நாம் நிழலைத் தேடி ஓடுகிறோம். செடி எங்கே ஓடும்? இலை தாங்கக்கூடிய அளவைவிட அதிக வெளிச்சம் அதன்மேல் கொட்டுகிறது. பச்சையம் அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது, ஆனால் வாங்கிய ஆற்றலையெல்லாம் சர்க்கரையாக்கும் வேகம் அதற்கு இல்லை. மிஞ்சும் ஆற்றல் ஆக்சிஜன்மேல் பாய்கிறது. ஆக்சிஜனையே உற்பத்தி செய்யும் இடத்தில் இது நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். நம் உடம்பின் எந்தத் திசுவையும்விட இலைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

அதனால் இலை பல அடுக்குகளில் தற்காப்பு வைத்திருக்கிறது. கரோட்டினாய்டு நிறமிகள் கூடுதல் ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியேற்றுகின்றன. நடைபாதை ஓரங்களில் வேலியாக வெட்டி வளர்க்கும் நாவல் இனத்துச் செடி ஒன்று உண்டு, துளிர்விடும்போது செக்கச்செவேலென்று இருக்கும். தூரத்தில் பார்த்தால் பூத்திருப்பதுபோலத் தோன்றும். கிட்டப் போய் ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தால் நுனியில் தாள்போல மெல்லிய சிவப்பு இலைகள், அதற்குக் கீழே செம்பழுப்பு, அதற்கும் கீழே தடித்த கரும்பச்சை என்று ஒரே காம்பில் மூன்று வயது இலைகளும் தெரியும். மாந்துளிரும் அப்படித்தான். அந்தச் சிவப்பு ஆந்தோசயனின். ஒளிச்சேர்க்கை இயந்திரம் முழுதாகப் பொருந்தாத இளம் இலைக்கு அது வெயில் திரையாக உதவுகிறது என்பது பரவலான விளக்கம். பூச்சிகளை விலக்கி வைக்கத்தான் அந்த நிறம் என்பாரும் இருக்கிறார்கள்.

இலையில் ஒளிச்சேர்க்கை நடக்கும் இடமான பசுங்கணிகத்துக்குள் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. வைட்டமின் சி ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக மாற்றும் வேலைக்குத் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுத் தானே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. குளூட்டாதையோன் என்ற சிறு மூலக்கூறு அதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. செலவான குளூட்டாதையோனை வெளிச்சத்தில் உண்டான ஆற்றல் மீட்டெடுக்கிறது. இந்தச் சுழற்சிக்கு ஃபோயர், ஹாலிவெல், அசாடா என்று மூன்று பேரின் பெயர் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்டின் ஃபோயரும் பேரி ஹாலிவெல்லும் 1976இல் ஸ்பினாச் என்ற கீரையின் பசுங்கணிகத்தை வைத்து இதை முன்வைத்தார்கள். அதே பேரி ஹாலிவெல் பிறகு மனித உடம்பின் பக்கம் திரும்பினார், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆய்வு நடத்தினார். கீரையில் தொடங்கி மூளைவரை போன ஒருவரின் ஆய்வு என்பதால் உங்கள் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. கீழேயும் அவர் வருவார்.

இந்தத் தற்காப்பு தோற்றால் என்ன ஆகும் என்பதைக் கடலில் பார்க்கலாம். நம் தென் தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் வெளுத்தன, 2024இலும் வெளுத்தன. பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசி குடியிருக்கிறது. கடல் சூடாகும்போது அந்தப் பாசியின் ஒளிச்சேர்க்கை தடம் புரள்கிறது, ஆக்சிஜன் ராடிக்கல்கள் பெருகிப் பவளத்தின் திசுவுக்கும் கசிகின்றன. பவளம் தனக்குச் சோறு போடும் பாசியையே வெளியேற்றிவிடுகிறது. நிறம் கொடுப்பதும் பாசிதான் என்பதால் வெள்ளைவெளேரென்று ஆகிவிடும். வெளுப்புக்கு அறிவியலாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கங்களில் இது ஒன்று. செடியின் சிக்கலும் விலங்கின் சிக்கலும் ஒரே உடம்பில் சந்திக்கும் இடம் இது.

சரி, மனிதருக்கு வருவோம். நம் உடம்பிலும் அதே கைமாற்றுதான். செல்லின் சவ்வில் இருக்கும் வைட்டமின் ஈ அடியை வாங்குகிறது. அதன் கடனை வைட்டமின் சி ஏற்றுக்கொள்கிறது, அதன் கடனைத் தீர்ப்பதில் குளூட்டாதையோன் பங்கு கொள்கிறது, கடைசியில் என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு கணக்கை முடித்துவைக்கிறது. என்ஏடிபிஹெச் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாம் சாப்பிட்ட சர்க்கரையிலிருந்து. இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி வலுவாக இல்லாவிட்டால் மேலே எத்தனை வைட்டமின் கொட்டினாலும் பயனில்லை.

இதற்குச் சிங்கப்பூரில் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரிந்த ஒரு சான்று உண்டு. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி சோதனை செய்கிறார்களே, அதுதான். 1965இலிருந்து இங்கே நடக்கிறது. சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. என்ஏடிபிஹெச் செய்ய அதற்கு இருக்கும் ஒரே வழி ஜி6பிடி நொதி வழியாகச் செல்லும் பாதை. அந்த நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் ஏதாவது பட்டால் குளூட்டாதையோன் தீர்ந்துபோய்ச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும், மஞ்சள் காமாலை ஏறும். கவனிக்காமல் விட்டால் மூளையே பாதிக்கப்படலாம். அதனால்தான் பாச்சை உருண்டை கூடாது, ஃபாவா என்ற அகன்ற அவரை கூடாது, குறிப்பிட்ட சில மருந்துகளும் மூலிகைகளும் கூடாது என்று பட்டியல் கொடுத்து அனுப்புகிறார்கள்.

நம் வீடுகளில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் பாச்சை உருண்டை போட்டு அலமாரியில் வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் புடவையை உடுத்திக்கொண்டு பாட்டி பேரனைத் தூக்குவார், அதே அலமாரியில் வைத்த பழைய வேட்டித் துணியில் பிள்ளையைச் சுற்றுவார்கள். நாப்தலின் உருண்டையாக இருந்தால் குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த ஆவியே போதும். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று விளம்பரங்களில் பேசுவதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று. இது அப்படி இல்லை, சில நாட்களில் கண் மஞ்சளாகிக் காட்டிவிடும். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: வீட்டுக்குப் பச்சைக்குழந்தை வருகிறது என்றால் அலமாரியிலிருந்து அந்த உருண்டையை முதலில் அப்புறப்படுத்துங்கள். இந்தக் குறைபாடு உள்ளவருக்கு ஊசி வழியாக மிக அதிக அளவு வைட்டமின் சி ஏற்றினால் அதுவும் சிவப்பணுவை உடைக்கக்கூடும். ஆண்டிஆக்ஸிடன்ட் என்று பெயர் வாங்கிய பொருளே அளவு மீறினால் எதிர்வேலை செய்யும் என்பதற்கும் இதுவே சான்று.

இப்போது அப்பாவின் நம்பிக்கைக்கு அடியில் இருக்கும் கருத்துக்கு வருகிறேன். ஃப்ரீ ராடிக்கல் என்றால் கெட்டது, அது குறையக் குறைய நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். டென்ஹம் ஹார்மன் 1956இல் முதுமைக்கே ஃப்ரீ ராடிக்கல்தான் காரணம் என்ற கோட்பாட்டை வெளியிட்டதிலிருந்து இந்த எண்ணம் வேரூன்றியது. அந்தக் காலத்தில் அது துணிச்சலான, பயனுள்ள கருத்து. ஆனால் தற்காப்பு நொதிகளைக் கூடுதலாகச் சுரக்கும்படி மாற்றிய எலிகள் அதிக நாள் வாழவில்லை என்று 2009இல் வெளியான விரிவான ஆய்வு காட்டியது.

உடம்பு இந்தப் பொருள்களை வேண்டுமென்றே தயாரிக்கவும் செய்கிறது. கிருமி நுழைந்தால் வெள்ளணு அதை விழுங்கி, ஒரு நொதியை முடுக்கிவிட்டு சூப்பர்ஆக்சைடைப் பொழிகிறது. அந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகளுக்குக் கடுமையான தொற்றுகள் திரும்பத் திரும்ப வரும். செடியிலும் அதே குடும்பத்து நொதி இருக்கிறது. இலையில் பூஞ்சை இறங்கினால் அந்த இடத்தில் பெராக்சைடைக் கொட்டிச் சுற்றியுள்ள செல்களையே பலிகொடுத்துப் பூஞ்சையை நிறுத்துகிறது. ஓர் இலையில் காயம் பட்டால் அதே நொதியின் உதவியோடு செய்தி மற்ற இலைகளுக்குப் போகிறது. 2009இல் அளந்தபோது அது நிமிடத்துக்குச் சுமார் 8.4 சென்டிமீட்டர் வேகத்தில் பரவியது தெரிந்தது. நரம்பே இல்லாத ஓர் உயிர் ஆக்சிஜன் ராடிக்கல்களை வைத்துச் சேதி அனுப்புகிறது. இதைப் படித்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்றும் தீரவில்லை.

அதுபோலவே உடற்பயிற்சியும். நடக்கும்போதும் ஓடும்போதும் தசையில் ராடிக்கல்கள் கூடுகின்றன. அதைக் கண்டு உடம்பு தன் சொந்தத் தற்காப்பு நொதிகளைப் பெருக்கிக்கொள்கிறது, இன்சுலினுக்கும் நன்றாகச் செவிசாய்க்கிறது. ஜெர்மனியில் மிக்கேல் ரிஸ்டோவின் குழு இளைஞர்களுக்கு 4 வாரம் உடற்பயிற்சி கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் தினமும் வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் வைட்டமின் ஈ 400 அலகும் கொடுத்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இன்சுலின் செயல்பாட்டில் கிடைக்க வேண்டிய முன்னேற்றம் கிடைக்கவில்லை. 2009இல் வெளியானது. சிறிய ஆய்வுதான், பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் அதே முடிவைக் காணவும் இல்லை. ஆனாலும் அப்பா காலையில் எடுக்கும் வைட்டமின் சி அளவு அப்படியே அதுதான் என்பதைக் கவனியுங்கள். அதே காலையில் அவர் பூங்காவில் நடக்கவும் போகிறவரென்றால் ஒரு கை கொடுப்பதை இன்னொரு கை ஓரளவு எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

அடுத்து மகளின் சோதனை. அநேகமாக டிபிபிஹெச் என்ற வேதிப்பொருளை வைத்துச் செய்யும் முறையைத்தான் பயன்படுத்துவார். மெத்தனாலில் கரைத்தால் அது கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். கீரைச் சாற்றைச் சில துளிகள் விட்டு, வெளிச்சம் படாமல் அரைமணி நேரம் வைத்துப் பார்த்தால் ஊதா மெல்ல மெல்ல வெளுத்து இளமஞ்சளாகும். 517 நானோமீட்டரில் எவ்வளவு வெளுத்தது என்று கருவி சொல்லும். முதல் தடவை கண்ணால் பார்க்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அங்கே நடந்தது என்ன? ஒரு செயற்கை ராடிக்கலுக்கு, மெத்தனாலில், கண்ணாடிக் குழாயில், கீரையிலிருந்த ஏதோ சில பொருள்கள் எலக்ட்ரானைக் கொடுத்தன. டிபிபிஹெச் நம் உடம்பில் எங்கும் இல்லை. நம் ரத்தத்தில் மெத்தனாலும் இல்லை. கீரையில் இருக்கும் பாலிஃபீனால்கள் என்ற ஆண்டிஆக்ஸிடன்ட் பொருள்களில் கொஞ்சம்தான் குடலைத் தாண்டும், தாண்டியதையும் கல்லீரல் உருமாற்றிவிடும். அமெரிக்க விவசாயத் துறை உணவுகளின் ஆண்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் நேரடித் தொடர்பு காட்ட முடியவில்லை, விற்பனையாளர்களோ தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012இல் எடுத்தேவிட்டது. அந்த எண்கள் இன்றும் பல புட்டிகளின் மேல் உலாவுகின்றன.

செல்களை வளர்த்துச் சோதிப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2000இல் ஹாலிவெல்லின் குழு இங்கே ஒன்றைக் காட்டியது. பச்சைத் தேயிலையின் காட்டெக்கின் போன்ற பொருள்களை, செல் வளர்ப்பதற்குப் பரவலாகப் பயன்படும் திரவங்களில் சேர்த்தார்கள். செல்லே இல்லாமல், அந்தத் திரவத்திலேயே, அவை வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கின. அப்படியானால் "தேயிலைச் சாறு புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது" என்று வந்த செய்திகளில் எத்தனையில் கொன்றது தேயிலை, எத்தனையில் அந்தப் பெராக்சைடு? ஒரு துறை முழுவதும் தன் குடுவையைத் திரும்பிப் பார்க்க வைத்த வேலை அது. புதிய மருந்தைக் கண்டுபிடிப்பதற்குச் சமமான மதிப்பு இப்படிப்பட்ட வேலைக்கு உண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மனிதரிடம் நேராகச் சோதித்தபோது என்ன ஆயிற்று? ஃபின்லாந்தில் 50 முதல் 69 வயதுவரை உள்ள 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளியானது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 விழுக்காடு கூடியது. அமெரிக்காவில் புகைப்பழக்கம் உள்ளவர்கள், கல்நார்த் தூசியில் வேலை பார்த்தவர்கள் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏயும் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடு அதிகம் என்று தெரிந்ததும் 1996 ஜனவரியில் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 35,533 ஆண்களிடம் நடந்த மற்றோர் ஆய்வில் வைட்டமின் ஈ 400 அலகு எடுத்தவர்களுக்குச் சுக்கிலச் சுரப்பிப் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியது 2011இல் தெரியவந்தது. இந்தக் கடைசி எண்ணை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். எழுபது வயது ஆணுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. காரணம் முழுதும் தீர்ந்துவிடவில்லை, ஆனால் ஒரு துப்பு கிடைத்திருக்கிறது. நுரையீரல் கட்டி உள்ள எலிகளுக்கு வைட்டமின் ஈ கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்தது என்று 2014இல் சுவீடனில் கண்டார்கள். ராடிக்கல்களின் தொல்லை புற்றுச் செல்லுக்கும் உண்டு. நாம் விழுங்குவது அதையும் சேர்த்தே காப்பாற்றிவிடலாம்.

இதற்காக எல்லா மாத்திரையும் மோசம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனால் கல்லீரலில் குளூட்டாதையோன் வற்றிவிடும். அப்போது மருத்துவமனையில் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன் அதை நிரப்பி உயிரைக் காப்பாற்றுகிறது. வயதானவர்களின் விழித்திரை மையம் சிதையும் நோயில், இடைநிலைக் கட்டத்தில் இருப்பவர்களுக்குக் கண் மருத்துவர் தரும் வைட்டமின் சி, ஈ, லூட்டின், துத்தநாகக் கலவை நோய் முற்றுவதை மெதுவாக்குகிறது. அப்பா சாப்பிடுவதில் ஏதாவது கண் மருத்துவர் எழுதிக்கொடுத்ததாக இருந்தால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. எங்கே குறை என்று தெரிந்து, அந்த இடத்துக்கு, தேவையான அளவு கொடுக்கும்போது பலன் தெரிகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுப்பதில்தான் சிக்கல்.

அப்படியானால் காய்கறியும் பழமும் சாப்பிடுகிறவர்கள் நலமாக இருப்பது எதனால்? நார்ச்சத்து, பொட்டாசியம், அவர்கள் தவிர்க்கும் மற்ற உணவு, அவர்களுடைய வாழ்க்கை முறை எல்லாம் சேர்ந்துதான். பாலிஃபீனால்களுக்கும் பங்கு இருக்கலாம், ஆனால் அவை ராடிக்கலை நேராக விழுங்குவதைவிட உடம்பின் சொந்தத் தற்காப்பைச் சற்றே சீண்டி எழுப்புகின்றன என்ற கருத்து இப்போது வலுப்பெற்று வருகிறது.

ஒரே ஒரு பொருள் மட்டும் இந்தக் கூட்டத்தில் தனியாக நிற்கிறது. எர்கோதையோனைன். 1909இல் ஒரு பூஞ்சையில் ஷார்ல் தான்ரே கண்டெடுத்தது. விலங்குகளால் இதைச் செய்ய முடியாது, செடிகளாலும் முடியாது. பூஞ்சைகளும் சில பாக்டீரியாக்களும்தான் செய்கின்றன. அப்படியிருந்தும் இதை உள்ளே இழுப்பதற்கென்றே நம் உடம்பில் ஒரு கடத்திப் புரதம் இருப்பது 2005இல் தெரிந்தது. உள்ளே வந்ததை உடம்பு எளிதில் வெளியே விடுவதில்லை. வேண்டாத பொருளுக்கு உடம்பு இவ்வளவு மெனக்கெடுமா? ஹாலிவெல் குழு இங்குள்ள முதியவர்களை ஆராய்ந்தபோது, நினைவாற்றல் லேசாகக் குறையத் தொடங்கியவர்களின் ரத்தத்தில் இது குறைவாக இருந்தது. 2019இல் அதே பல்கலைக்கழகத்தின் ஃபெங் லெய் குழு, 60 வயதைத் தாண்டிய 663 சிங்கப்பூர்ச் சீனர்களின் உணவுப் பழக்கத்தைப் பார்த்தது. வாரம் இரண்டு முறைக்கு மேல், ஒவ்வொரு முறையும் சுமார் 150 கிராம் காளான் சாப்பிட்டவர்களுக்கு அந்த லேசான நினைவுக் குறைவு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாக இருந்தது. காளானால்தான் அப்படி என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, காளான் சாப்பிடுகிறவர்கள் வேறு பல வகையிலும் வேறுபட்டவர்களாக இருக்கலாம். என்றாலும் ஈரச்சந்தையில் சிப்பிக்காளானும் ஷிட்டாக்கேயும் எளிதாகக் கிடைக்கின்றன. மிளகு போட்டு வதக்கினால் சோற்றுக்கு நன்றாகவே சேரும். தெம்பேயிலும் இந்தப் பொருள் கொஞ்சம் உண்டு.

எண் பெரிதாக இருப்பதாலேயே ஓர் உணவு மருந்தாகிவிடாது என்பதற்கும் இங்கேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2006இல் ஹாலிவெல் குழு கறுப்பு சோயா சாஸை ஆராய்ந்து, அதன் ஆண்டிஆக்ஸிடன்ட் ஆற்றல் சிவப்பு ஒயினைவிடச் சுமார் 10 மடங்கு என்று கண்டது. செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆய்வாளர்களோ அதிலுள்ள உப்பை நினைவூட்டி, அள்ளி ஊற்ற வேண்டாம் என்றார்கள்.

அப்பாவுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். சிங்கப்பூரில் இதுபோன்ற சத்து மாத்திரைகள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டியதில்லை, பாதுகாப்புக்கான வரையறைகள் மட்டும் உண்டு. ஆகவே கடையில் இருப்பதாலேயே அது பலன் தரும் என்று ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுக்கிறார் என்றால் வைட்டமின் ஈயும் சேரும்போது ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி உகந்ததல்ல. அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மூன்று புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் பெயர் மாறும், அளவு மறந்துபோகும். புட்டியைக் கையில் வாங்கிப் பார்க்கும் மருந்தாளர் சில நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். பெரியவரிடம் "நீங்கள் செய்வது தப்பு" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும். "பேத்தியின் செயல்திட்டத்துக்காகக் கேட்டு வரணும் தாத்தா" என்று பேத்தியே கேட்கட்டும்.

மகளுக்கும் சில யோசனை. கீரைச் சாற்றுக்கு அதற்கே உரிய நிறம் உண்டு. அதன் கரோட்டினாய்டும் பச்சையமும் அளவீட்டில் கலந்துவிடும் என்பதால் டிபிபிஹெச் சேர்க்காத சாற்றை மட்டும் தனியாக அளந்து கழிக்க வேண்டும். ஒப்பிடுவதற்கு வைட்டமின் சி கரைசல் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மெத்தனாலில் பிழிந்த சாற்றோடு நிறுத்தாமல், வீட்டில் சமைப்பதுபோல் வெந்நீரில் ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் வேகவைத்துக் கீரையையும் வடித்த தண்ணீரையும் தனித்தனியாக அளந்தால், நாம் வடித்துக் கொட்டுவதோடு எவ்வளவு போகிறது என்று தெரியும். இன்னொன்று செய்தால் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே முருங்கை மரத்தில் நாள் முழுக்க வெயில் படும் கிளையிலிருந்தும் புளோக்கின் நிழலில் இருக்கும் கிளையிலிருந்தும் ஒரே வயதுள்ள இலைகளை ஒரே நேரத்தில் பறித்து ஒப்பிடட்டும். சமூகத் தோட்டத்து மரமாக இருந்தால் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. வெயில் பட்ட இலைக்கு மதிப்பு கூடுதலாக வந்தால், அந்த இலை தனக்காகச் சேர்த்து வைத்த தற்காப்பைத்தான் அவர் அளந்திருக்கிறார் என்று அறிக்கையில் எழுதலாம். அதைச் சாப்பிடுகிறவருக்கு என்ன ஆகிறது என்பது வேறு ஆய்வு, அதற்கு வேறு சோதனை வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்தால் மதிப்பிடும் ஆசிரியரும் மகிழ்வார்.